பாடநூலும் கொள்முதல் ஆணையும்: கேரள, தமிழ்நாட்டுப் பொதுக் கல்வியில் கட்டற்ற மென்பொருள் (2001–2020)

ஆய்வுச் சுருக்கம்

இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கேரளமும் தமிழ்நாடும் தம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவர முயன்றன. இரண்டும் அண்டை மாநிலங்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் முயற்சியைத் தொடங்கியவை. கணினி அறிந்த மனிதவளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஆயினும் கேரளப் பள்ளிகளில் அம்முயற்சி ஆட்சி மாற்றங்களைக் கடந்து நிலைபெற்றது. தமிழ்நாட்டில் அது பலமுறை எழுந்து பலமுறை தணிந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கேரளத்தில் மென்பொருள் பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, பொதுத்தேர்வு ஆகியவற்றின் வழியாகப் பள்ளிக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கொள்முதல் ஆணையின் வழியாக நுழைந்தது. நுழைந்த வாயிலே அதன் ஆயுளைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், பொதுக் கல்வி, ஐடி அட் ஸ்கூல், எல்காட், பாஸ் லினக்ஸ், தமிழ்க் கணிமை, கொள்முதல் கொள்கை

முன்னுரை

ஓர் அரசு சாலை அமைத்தால் அச்சாலை பொதுச்சொத்தாகிறது. பள்ளிக் கட்டடம் எழுப்பினால் அதுவும் பொதுச்சொத்தாகிறது. ஆனால் அதே அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டு வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் பொதுச்சொத்தாவதில்லை. வாங்கப்படுவது மென்பொருள் அன்று. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளில், குறிப்பிட்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அதனைப் பயன்படுத்துவதற்கான இசைவு மட்டுமே. அதன் மூலநிரலைப் பார்க்கவோ, உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றவோ, அடுத்த பள்ளிக்குப் படியெடுத்துக் கொடுக்கவோ வாங்கியவருக்கு உரிமை இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் இந்நிலைக்கு எதிராகத் தோன்றியது. எந்நோக்கத்துக்கும் இயக்குதல், மூலநிரலைக் கற்று மாற்றுதல், படிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளை அது பயனருக்கு வழங்குகிறது.

இந்த உரிமைகளைப் பற்றிய விவாதம் இந்தியாவில் பெரும்பாலும் செலவு பற்றிய விவாதமாகச் சுருங்கிவிட்டது. 'இலவசம்' என்ற சொல்லே அதற்கு ஒரு காரணம். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குவதால் எழுந்த குழப்பத்தைத் தமிழ் 'கட்டற்ற' என்னும் அடைமொழியாலும் மலையாளம் 'ஸ்வதந்த்ர' என்னும் சொல்லாலும் தவிர்த்துக்கொண்டன. ஆயினும் அலுவலகக் கோப்புகளில் விலைக்கணக்கே முன்னின்றது. அக்கணக்கு மட்டுமே ஒரு மாற்றத்தை நிலைநிறுத்தப் போதுமானதா என்னும் வினாவுக்குக் கேரள, தமிழ்நாட்டு அனுபவங்கள் விடை தருகின்றன.

வரலாற்றுப் பின்னணி

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், குனு திட்டத்தின் கருவிகளோடு இணைந்து முழுமையான இயங்குதளமாயிற்று. 1990களின் பிற்பகுதியில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. தொடக்க விழாவில் ஸ்டால்மன் பங்கேற்றார். அந்த இடத்தேர்வு பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு ஒரு முன்குறிப்பாக அமைந்தது.

அரசின் உயர்மட்டத்திலிருந்து இக்கருத்துக்குக் கிடைத்த முதல் வலுவான ஆதரவு ஒரு தமிழரிடமிருந்து வந்தது. 2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன விழாவில் உரையாற்றிய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இந்தியா போன்ற நாடு திறமூல மென்பொருளின் மீதே தன் எதிர்காலத்தைக் கட்டியெழுப்ப வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் தம்மைச் சந்தித்த பில் கேட்சுடன் இப்பொருளில் தமக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்டதையும் அவ்வுரையில் குறிப்பிட்டார். மைய அரசின் முறையான கொள்கை இதற்கு நெடுங்காலம் பின்னரே உருவாயிற்று. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010இலும், அரசுத் துறைகளில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கை 2015இலும் வெளிவந்தன. ஆகவே கேரளமும் தமிழ்நாடும் மைய அரசின் வழிகாட்டுதலுக்குக் காத்திராமல் தாமே வழிதேடிய மாநிலங்கள் எனலாம்.

கேரளம்: பாடநூலில் தொடங்கிய மாற்றம்

கேரளத்தில் பள்ளிக் கல்வியில் கணினியைப் புகுத்துவது குறித்துப் பரிந்துரைக்கப் பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையில் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 2001–02 காலப்பகுதியில் 'ஐடி அட் ஸ்கூல்' என்னும் திட்டம் உயர்நிலைப் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இத்திட்டத்துக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் தொடர்பு இல்லை. முதற்கட்டப் பாடநூல்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தையும் அலுவலகச் செயலிகளையும் அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டன. கணினிக் கல்வி என்பது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளைக் கையாளப் பழகுவதே என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது.

இதற்கு எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து எழுந்தது. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய வினா எளியது: அரசுப் பாடநூல் ஏன் ஒரு தனியார் பொருளின் பயன்பாட்டுக் கையேடாக இருக்க வேண்டும்? பாடநூலில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இடம்பெற்றால் ஒவ்வொரு பள்ளியும் அதனை வாங்கியாக வேண்டும். வாங்க இயலாத பள்ளி உரிமமற்ற படியைப் பயன்படுத்தும். மாணவர் வீட்டில் கற்க விரும்பினாலும் இதே நிலைதான். பாடநூலே சட்டமீறலுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் இந்த முரண், விலைக்கணக்கைவிடக் கல்வியாளர்களின் மனத்தைத் தொட்டது.

மாற்றம் ஒரே ஆணையால் நிகழவில்லை. முதலில் தனியுரிமை இயங்குதளத்தோடு குனு லினக்சும் ஒரு தெரிவாக அனுமதிக்கப்பட்டது. சில ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. அந்த இடைக்காலத்தில் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு மாவட்டந்தோறும் பயிற்சி அளித்தனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் பள்ளித் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். அவர் கணினித் துறையிலிருந்து வந்தவர் அல்லர். கணிதமோ அறிவியலோ மொழியோ கற்பித்துக்கொண்டிருந்தவர். டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடியொற்றிப் பள்ளிகளுக்கென ஒரு தனி வழங்கல் உருவாக்கப்பட்டது. ஆசிரியர்கள் வகுப்பறையில் எதிர்கொண்ட குறைகள் அதன் அடுத்த பதிப்பில் சரிசெய்யப்பட்டன. மூலநிரலை மாற்றும் உரிமை என்பது நூலில் எழுதப்பட்ட கோட்பாடாக மட்டும் இல்லாமல் பள்ளி நிருவாகத்தின் அன்றாட நடைமுறையாக மாறியது இவ்வாறுதான்.

முடிவான திருப்பம் பொதுத்தேர்வில் நிகழ்ந்தது. தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டாயப் பாடமாயிற்று. அதன் செய்முறைத் தேர்வு கணினியிலேயே நடத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் இறுதிக்குள் அத்தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இந்தியப் பள்ளி அமைப்பில் தேர்வில் இல்லாதது கற்பிக்கப்படுவதில்லை. தேர்வில் இருப்பது கற்பிக்கப்படாமல் போவதில்லை. இந்நடைமுறை உண்மையைக் கேரளம் தன் கொள்கைக்குத் துணையாக்கிக்கொண்டது. பள்ளியில் குனு லினக்சு நிறுவப்பட்டுள்ளதா என்று எந்த அதிகாரியும் சென்று சோதிக்க வேண்டிய தேவை எழவில்லை; தேர்வே அச்சோதனையை ஆண்டுதோறும் செய்தது.

பாடத்திட்டத்தின் இயல்பும் இதனால் மாறியது. கணினிப் பாடம் தனித்து நில்லாமல் பிற பாடங்களுக்குத் துணையாயிற்று. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, வேதியியலின் தனிம அட்டவணைக்குக் கால்சியம், வானியலுக்கு ஸ்டெல்லேரியம், படவரைவுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப், நிரலாக்கத்துக்குப் பைத்தான் எனக் கருவிகள் பாடநூலில் இடம்பெற்றன. இவ்வளவு கருவிகளையும் உரிமக் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டியிருந்தால் பாடநூல் எழுதுவோர் ஒவ்வொரு பாடத்துக்கும் நிதித்துறையின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்திருக்கும். கட்டற்ற உரிமம் பாடத்திட்டக் குழுவுக்குக் கல்வி சார்ந்த முடிவைக் கல்வி சார்ந்த காரணத்தால் எடுக்கும் வாய்ப்பைத் தந்தது.

இத்தொடர்ச்சி ஒரு கட்சியின் கொள்கையால் மட்டும் விளைந்ததன்று. பணிக்குழுவின் பரிந்துரை இடது முன்னணி ஆட்சிக் காலத்தது. திட்டத்தின் தொடக்கம் ஐக்கிய முன்னணி ஆட்சிக் காலத்தது. 2006இல் பதவியேற்ற வி. எஸ். அச்சுதானந்தன் அரசு, 2007ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் கட்டற்ற மென்பொருளுக்கு வெளிப்படையான முன்னுரிமை அளித்தது. 2011இலும் 2016இலும் ஆட்சி மாறியபோதும் பள்ளிகளின் இயங்குதளம் மாறவில்லை. 2017இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மறுவடிவம் பெற்றது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பதிலும் நிரலாக்கத்திலும் மாணவரையே பங்காளிகளாக்கின. 2020 ஜூன் மாதம் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், 2005இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் தொலைக்காட்சி அலைவரிசை வழியாக வகுப்புகள் உடனடியாகத் தொடங்கப்பட்டன. பள்ளிக் கல்வித் துறைக்குள்ளேயே வளர்ந்த தொழில்நுட்பத் திறன் நெருக்கடியில் பயன்பட்டதற்கு இது சான்று.

தமிழ்நாடு: கொள்முதலில் தொடங்கிய மாற்றம்

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருளுக்கான அறிவுத்தளம் கேரளத்துக்குக் குறைந்ததன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கின. 2007 ஜனவரியில் வெளிவந்த 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் இங்குதான் பிறந்தது. டெபியனை அடியொற்றிய இவ்வியங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி இடைமுகங்களைக் கொண்டிருந்தது. கருவியை உருவாக்கும் ஆற்றல் சென்னையில் இருந்தது. அதனைப் பள்ளியோடு பிணைக்கும் ஏற்பாடே இல்லாதிருந்தது.

அரசுத் தரப்பில் முதல் பெரிய முயற்சி தமிழ்நாடு மின்னணுவியல் கழகமான எல்காட்டில் நிகழ்ந்தது. 1977இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேண்டிய கணினிகளைக் கொள்முதல் செய்து தரும் பொறுப்புடையது. 2006 முதல் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், முதலில் எல்காட் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாற்றினார். பிறகு பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கப்பட்ட கணினிகள் லினக்சு நிறுவப்பட்டே வரவேண்டும் என ஒப்பந்தப்புள்ளிகளில் விதிக்கப்பட்டது. தாம் பயன்படுத்தாததைப் பிறர்மீது சுமத்தாமல், தம் நிறுவனத்திலேயே முதலில் செய்துகாட்டிய இம்முறை அக்கால இந்திய அரசு நிருவாகத்தில் அரியது. கணினிகளின் எண்ணிக்கையிலும் அது இந்தியாவின் பெருமுயற்சிகளுள் ஒன்று.

ஆனால் 2008இல் உமாசங்கர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டபின் அவ்வேகம் தொடரவில்லை. ஒரு தனி அதிகாரியின் ஊக்கத்தைச் சார்ந்த முயற்சி அவரோடு நின்றுபோவது இயல்பே என்று இதனை விளக்கிவிடுவது எளிது. அது பாதி விளக்கமே. அவர் விட்டுச்சென்றது கணினிகளையும் கொள்முதல் விதிகளையும். அவற்றைத் தம்முடையதெனக் கருதிக் காத்துநிற்கக்கூடிய ஆசிரியர் குழாம் பள்ளிகளில் உருவாகியிருக்கவில்லை. எல்காட் ஒரு கொள்முதல் நிறுவனம். பாடத்திட்டம் வகுப்பதோ ஆசிரியருக்குப் பயிற்சியளிப்பதோ தேர்வு நடத்துவதோ அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல.

பாடத்திட்டத்தின் அமைப்பும் இதற்குத் துணைசெய்யவில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்து பாடங்களைக் கொண்டது. கணினி அதில் தனிப்பாடம் அன்று. மேல்நிலை வகுப்புகளில் மட்டும் குறிப்பிட்ட பாடப்பிரிவினருக்குக் கணினி அறிவியல் கற்பிக்கப்பட்டது. அப்பாடத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நடைமுறையிலிருந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் தொகுதி சன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபிஸ் செயலிகளைக் கற்பித்தது. ஓப்பன் ஆபிஸ் தோன்றியது அச்செயலியின் மூலநிரலிலிருந்துதான். அதாவது பாடநூல் எழுதியோர் கட்டற்ற மென்பொருளின் வாயில்வரை வந்திருந்தனர். 2018இல் அறிமுகமான புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு நூல் விண்டோசோடு உபுண்டு லினக்சையும், ஓப்பன் ஆபிஸ் செயலிகளையும் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் இடம்பெற்றது. இவை பாராட்டத்தக்க மாற்றங்கள். எனினும் அவை மேல்நிலையில் ஒரு பிரிவு மாணவரையே சென்றடைந்தன; எல்காட்டின் கொள்முதல் முயற்சியோடு காலத்தாலும் இணையவில்லை. கணினி லினக்சோடு வந்த ஆண்டுகளில் பாடநூல் அதனைக் கற்பிக்கவில்லை. பாடநூல் கற்பிக்கத் தொடங்கியபோது கொள்முதல் வேறு திசையில் சென்றிருந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய பெரும் வாய்ப்பாக இருந்தது. முதலாண்டிலேயே 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவருக்கு வழங்கத் திட்டமிட்ட இத்திட்டம், கணினியை ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் கொண்டுசென்றது. மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. தெரிவு மாணவரிடம் விடப்பட்டது. தெரிவு இருப்பது நன்று. ஆனால் இரண்டில் ஒன்றைப் பற்றி மட்டும் ஊரெங்கும் பேச்சும் பயிற்சியும் துணையும் இருக்க, மற்றொன்றைத் திறந்து காட்டவும் ஆள் இல்லாதபோது அது பெயரளவிலான தெரிவே. சென்னையில் உருவான ஓர் இயங்குதளம் பல இலட்சம் தமிழ் மாணவரின் மடியில் அமர்ந்தும் பெரும்பாலும் திறக்கப்படாமல் கிடந்தது இதன் விளைவு.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. இம்முறையும் மாற்றத்தின் உந்துதல் வெளியிலிருந்து வந்தது. ஒரு நிறுவனம் தன் பொருளைக் கைவிட்டதால் மாற்று தேடப்பட்டதேயன்றி, மாற்றின் தகுதியால் அது தேடப்படவில்லை. புதிய கணினிகள் புதிய விண்டோசோடு வரத் தொடங்கியதும் அவ்வுந்துதலும் தளர்ந்தது.

மொழியும் மூலநிரலும்

கட்டற்ற மென்பொருளின் பயன் மிகத் தெளிவாக வெளிப்பட்ட களம் மொழி. ஒரு மொழியின் எழுத்துரு திரையில் சரியாகத் தோன்றவில்லை எனில், தனியுரிமை மென்பொருளில் அக்குறையை நீக்கும் ஆற்றல் அதன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. அம்மொழி பேசுவோரின் சந்தை மதிப்பைப் பொறுத்தே அவர் முடிவெடுப்பார். கட்டற்ற மென்பொருளில் அம்மொழியினரே குறையை நீக்கலாம். 2002இல் தோன்றிய 'ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு மலையாளக் கூட்டெழுத்துகளைத் திரையில் சரியாகக் காட்டும் பணியையும் எழுத்துரு உருவாக்கத்தையும் மேற்கொண்டது. அதன் பயனைக் கேரளப் பள்ளிக் கணினிகள் நேரடியாகப் பெற்றன. தன்னார்வலர் உழைப்புக்கும் பொதுக் கல்விக்கும் இடையே ஒரு பாலம் இருந்தது.

தமிழ்க் கணிமையிலும் தன்னார்வலர் உழைப்புக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த தமிழர்கள் 2000ஆம் ஆண்டையொட்டியே கேடிஇ உள்ளிட்ட பணிச்சூழல்களைத் தமிழாக்கம் செய்யத் தொடங்கினர். அரசும் 1999இல் தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது. இத்தரப்படுத்தல் இன்றியமையாதது. எனினும் தரநிலை ஆணை ஒரு பக்கமும், தன்னார்வலரின் தமிழாக்கம் மற்றொரு பக்கமும், பள்ளி வகுப்பறை வேறொரு பக்கமுமாக நின்றன. 2012 முதல் வெளிவந்த 'கணியம்' மின்னிதழ் போன்ற முயற்சிகள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்பிக்கும் எழுத்துகளைத் தந்தன. அவற்றைப் பள்ளிக்குள் கொண்டுசெல்லும் நிறுவன வழி அமையவில்லை.

இங்கு ஒரு நிகழ்வு தமிழ் ஆய்வாளர்க்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கேரளத்தில் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள அரசு தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் பாடநூலை மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுகிறது. எனவே தேவிகுளம் பகுதியின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்வழி மாணவர் உயர்நிலைப் பள்ளியிலேயே குனு லினக்சைத் தமிழ்ப் பாடநூலின் துணையோடு கட்டாயப் பாடமாகக் கற்கிறார். மலைக்குக் கீழே தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் அத்தகைய பாடம் இல்லை. மொழி ஒன்று, மென்பொருளும் எல்லார்க்கும் பொதுவானது. வேறுபட்டது கல்வித் துறையின் ஏற்பாடு மட்டுமே.

செலவுக் கணக்கும் அதன் எல்லையும்

2019இல் கைட் நிறுவனம் பள்ளிகளிலுள்ள இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் அரசுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாக அறிவித்தது. ஒரு கணினியில் நிறுவப்படும் செயலிகளுக்கு இணையான தனியுரிமைச் செயலிகளை வாங்கினால் ஏறத்தாழ 1.5 இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணமாகும் என்பது இக்கணக்கின் அடிப்படை. இவ்வெண் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயினும் இதனை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். எந்த மாநில அரசும் ஒவ்வொரு பள்ளிக் கணினிக்கும் 1.5 இலட்சம் ரூபாயை உரிமத்துக்காகச் செலவிட்டிருக்காது. கல்வி நிறுவனங்களுக்கான சலுகை விலையில் ஒருசில செயலிகளை வாங்கி, மற்றவற்றை வாங்காமலே விட்டிருக்கும். ஆகவே அத்தொகை மிச்சமான பணத்தின் அளவு என்பதைவிட, வேறு வகையில் மாணவருக்குக் கிடைக்காமலே போயிருக்கக்கூடிய கருவிகளின் மதிப்பு என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாடு முக்கியமானது. சிக்கனமே காரணமெனில், தனியுரிமை நிறுவனம் விலையைக் குறைத்தோ இலவசமாகவோ தன் பொருளைத் தரும் நாளில் அக்காரணம் மறைந்துவிடும். பள்ளிகளுக்குச் சலுகை அளிப்பது அந்நிறுவனங்களுக்கு நட்டம் அன்று; இன்றைய மாணவரே நாளைய வாடிக்கையாளர். மேலும் கட்டற்ற மென்பொருளுக்கும் செலவு உண்டு. பயிற்சி, பராமரிப்பு, பாடநூல் திருத்தம், வழங்கலைப் புதுப்பித்தல் ஆகியவற்றுக்குக் கேரளம் தொடர்ந்து செலவிட்டுள்ளது. வேறுபாடு அச்செலவு எங்கே தங்குகிறது என்பதில்தான். உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் வெளியே செல்கிறது. பயிற்சிக்கான செலவு ஆசிரியரின் திறனாக மாநிலத்துக்குள்ளேயே தங்குகிறது.

எதிர்வாதங்களும் குறைகளும்

கேரள முன்மாதிரியும் குறையற்றதன்று. பள்ளியில் கற்ற கருவிகளுக்கும் வேலைச் சந்தையில் புழங்கும் கருவிகளுக்கும் இடையே இடைவெளி உண்டு என்னும் வாதம் தொடக்கம் முதலே எழுப்பப்பட்டது. ஒரு செயலியின் பட்டிகளை மனனம் செய்வது கல்வி அன்று. கருத்தைக் கற்றவர் எச்செயலிக்கும் மாறலாம் என்பது அதற்கான மறுமொழி. மறுமொழி நியாயமானதே, எனினும் கற்பித்தல் உண்மையில் கருத்தை மையமாகக் கொண்டிருந்தால் மட்டுமே அது செல்லும். பாடத்திட்டத்தில் இடம்பெற்ற கருவிகள் அனைத்தும் முழுமையாகக் கட்டற்றவை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. ஜியோஜீப்ராவின் சில கூறுகள் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கே அனுமதிக்கப்பட்டவை. மேலும் பள்ளிகளில் பெற்ற வெற்றி எல்லா அரசுத் துறைகளுக்கும் பரவவில்லை. கேரள மின்வாரியம் 'ஒருமா' என்னும் மின்கட்டண மென்பொருளைத் தன் ஊழியரைக் கொண்டே கட்டற்ற கருவிகளால் உருவாக்கியது போன்ற சான்றுகள் உண்டு. அதுவும் தன் ஊழியரின் திறனை நம்பிய துறையிலேயே நிகழ்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

தமிழ்நாட்டு முயற்சிகளைத் தோல்வியென ஒரே சொல்லில் ஒதுக்குவதும் பொருந்தாது. எல்காட் முயற்சி, அரசு அலுவலகம் லினக்சில் இயங்க முடியும் என்பதை மெய்ப்பித்தது. மடிக்கணினித் திட்டம் அளவில் கேரளத்தின் எத்திட்டத்தையும் விஞ்சியது. பாஸ் இயங்குதளம் தமிழ்நாட்டுக்கு அப்பாலும் பயன்பட்டது. இவை தனித்தனியே வலுவானவை. ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி இணைக்கப்படவில்லை என்பதே குறை.

முடிவுரை

இரு மாநில வரலாறும் உணர்த்துவது இது: பொதுவுடைமை மென்பொருளை ஏற்பது ஒரு கொள்முதல் நிகழ்வு அன்று, அது ஒரு கல்வி நிகழ்வு. கணினியில் எம்மென்பொருள் நிறுவப்பட்டுள்ளது என்பதை ஓர் ஆணை தீர்மானிக்கலாம். அதே போன்ற மற்றோர் ஆணை அதனை நீக்கவும் செய்யலாம். ஆசிரியர் அதனைக் கற்று, பாடநூல் அதனைப் பேசி, தேர்வு அதனைக் கேட்டு, மாணவர் அதன் பழுதை நீக்கும் நிலையில் அதனை நீக்குவது எளிதன்று. நீக்குவதற்கான காரணமும் எழுவதில்லை. கேரளத்தில் ஆட்சிகள் மாறியும் இயங்குதளம் மாறாமைக்குக் காரணம், அதனைத் தம்முடையதாகக் கருதிய ஆசிரியர்கள் பள்ளிதோறும் இருந்ததே.

சட்ட நோக்கில் கட்டற்ற மென்பொருள் எல்லார்க்கும் உரியது. ஆனால் உரிமத்தில் எழுதப்பட்ட உரிமை, பயன்படுத்தும் திறன் இல்லாதவரிடம் உறங்கியே கிடக்கும். தமிழ்நாட்டு மாணவரின் மடிக்கணினிக்குள் பாஸ் லினக்சு உறங்கியது அதற்கு எடுத்துக்காட்டு. 2018க்குப் பிந்தைய மேல்நிலைப் பாடநூல்களில் உபுண்டுவும் பைத்தானும் இடம்பெற்றிருப்பது அவ்வுறக்கத்தைக் கலைக்கும் தொடக்கமாகலாம். அத்தொடக்கம் உயர்நிலை வகுப்புகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் விரியுமானால், சென்னையில் உருவான கருவியும் உலகத் தமிழர் செய்த தமிழாக்கமும் தாம் சேரவேண்டிய வகுப்பறையைச் சென்றடையும்.